1969 கமாரோ: எதுவரை மாற்றலாம், எங்கே தகரத்தை வெட்டாமல் நிறுத்த வேண்டும்?

வுட்வர்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில் வசிக்கிறேன். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுப்பதை நடைபாதையில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்து வந்த எனக்கு, இப்போது சொந்தமாகவே ஒரு 1969 செவர்லே கமாரோ வாய்த்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் பின்பக்கவாட்டுத் தகடுகளையும் டிக்கியின் தரையையும் புதிதாக மாற்றி, கறுப்பு வண்ணம் அடித்து, உள்ளே இருக்கைகளைத் தைத்து முடித்த பிறகு, இயந்திர வேலைகளில் கை வைக்காமல் விற்றுவிட்டார். எனவே கூடு ஓரளவு சீரமைக்கப்பட்டது, ஓட்டம் மட்டும் பழையது என்ற நிலையில் வண்டி என் கொட்டகையில் நிற்கிறது.

வண்டி எண் 124379என் என்று தொடங்குகிறது. எட்டு சிலிண்டர், கூப்பே உடல், 1969ஆம் மாடல், ஒஹாயோ மாநிலத்து நார்வுட் ஆலையில் பிறந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. என்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள சிறு தகட்டில் 04பி என்ற தேதிக்குறியும், 57 57 என்ற வண்ணக்குறியும், எக்ஸ்44 என்ற குறியும் இருக்கின்றன. அதாவது ஏப்ரல் இரண்டாம் வாரம், மேலும் கீழும் ஃபாத்தம் கிரீன் எனும் ஆழ்ந்த பச்சை, வினைல் கூரை கிடையாது, அலங்காரத் தொகுப்புகள் எதுவும் வாங்கப்படாத அடிப்படைக் கார். விற்றவர் சொன்னபடி இது 200 குதிரைத்திறன் கொண்ட 307 கன அங்குல என்ஜினும், இரண்டே கியர் உடைய பவர்கிளைடு தானியங்கிப் பெட்டியுமாக வந்த வண்டி. அந்த 307 எப்போதோ போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பது எங்கிருந்தோ வந்த ஒரு 350 கன அங்குல என்ஜின்.

என் திட்டம் இதுதான்: செவர்லேயின் 6.2 லிட்டர் எல்எஸ்3 என்ஜின், டிரெமெக் டி56 மேக்னம் ஆறு கியர் பெட்டி, பின்னால் 335 மில்லிமீட்டர் அகல டயர்கள். கியர்பெட்டிக்குத் தரையின் நடு மேட்டையும், டயருக்குப் பின்சக்கர வளைவின் உட்புறத்தையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள். என்ஜினை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தகரத்தை வெட்டுவதில்தான் கை நடுங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

நார்வுட் நேசன் எழுதியது:

வாழ்த்துகள். அரம்பத்தை எடுக்கும் முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்44 என்றால் சாதாரண வண்டி என்று விற்றவர் சொல்லியிருப்பார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 427 கன அங்குல என்ஜினுடன் சிறப்பு ஆணையின் பேரில் ஆலையிலிருந்து வெளிவந்த கோப்போ கார்கள் சிலவற்றிலும் அதே எக்ஸ்44தான் அடிக்கப்பட்டிருந்தது. 1969 கமாரோவின் வண்டி எண், அது ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பதற்கு மேல் என்ஜினைப் பற்றி எதையும் சொல்லாது. எஸ்எஸ், இசட்/28 போன்ற உயர்திறன் பதிப்பு என்று அதைக் கொண்டு யாரும் நிரூபிக்க முடியாது.

ஆகவே முதலில் பின் ஆக்சிலின் மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள். அசல் ஆக்சில் பத்து போல்ட் என்றால் 427 கனவை மறந்துவிடலாம். அந்த வண்டிகளுக்குப் பன்னிரண்டு போல்ட் ஆக்சில்தான் வந்தது. அடுத்து, என்ஜினின் முன்புறம், பயணி பக்கத்து சிலிண்டர் தலைக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான மேடை இருக்கும். அழுக்கை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆலையில் சீவிய மேடையாக இருந்தால் மெல்லிய இணைகோடுகள் ஒரே திசையில் ஓடும். அவற்றின் மேல் என்ஜின் குறியும் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியும் அடிக்கப்பட்டிருக்கும். கோடுகளே இல்லாமல் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், யாரோ பின்னாளில் தேய்த்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம். அந்தக் கோடுகளை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

எண்கள் பொருந்தினால் என் பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: எதையும் வெட்டாதீர்கள், விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குங்கள்.

---

வுட்வர்ட்வாசி எழுதியது:

பார்த்துவிட்டேன். பத்து போல்ட் ஆக்சில்தான், அதன் குழாயில் உள்ள தேதியும் வண்டியின் தேதிக்குச் சற்று முன்னதாகப் பொருந்துகிறது. என்ஜின் மேடையில் இருக்கும் எண் வேறு எந்த வண்டியினுடையதோ. ஆக இது அசல் என்ஜினை இழந்த 307 வண்டி என்பதில் ஐயமில்லை. 1969 ஜனவரி வாக்கில்தான் 327க்குப் பதிலாக 307 அடிப்படை எட்டு சிலிண்டர் என்ஜினாக வந்தது என்று படித்தேன். ஏப்ரல் தேதி அதற்கும் ஒத்துவருகிறது.

---

சேசிஸ் செல்வன் எழுதியது:

அப்படியானால் மனச்சான்றின் உறுத்தல் இல்லாமல் மாற்றலாம். அந்த ஆண்டில் 2,43,000க்கும் மேற்பட்ட கமாரோக்கள் கட்டப்பட்டன. அவற்றுள் அடிப்படை என்ஜின் வண்டிகளே மாற்றியமைக்க ஏற்றவை. ஆனால் உங்கள் பட்டியல் என்ஜினில் தொடங்குகிறது. என் பட்டியல் என்ஜினில்தான் முடியும்.

இந்தக் காருக்கு முழு நீளச் சட்டம் கிடையாது. காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் தகடுகளை ஒட்டிப் பற்றவைத்த ஒற்றைக் கூடு; அதற்கு முன்னால் என்ஜினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் சப்ஃபிரேம் தனியாக, தடித்த ரப்பர் வட்டுகளின் மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ரப்பர் நசுங்கி, சப்ஃபிரேம் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக விலகி நிற்பது மிகச் சாதாரணம். கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சப்ஃபிரேமிலும் கூட்டிலும் ஒன்றுக்கு நேராக ஒன்று வரும்படி ஆலையிலேயே துளைகள் விட்டிருக்கிறார்கள். இரண்டின் வழியாகவும் ஒரு நேரான உருளைத் தண்டு தடையின்றிச் செல்ல வேண்டும். செல்லவில்லை என்றால் நீங்கள் எத்தனை ஆயிரம் டாலருக்குச் சக்கர ஒழுங்கு செய்தாலும் வண்டி நேராக ஓடாது.

அடுத்தது முன்சக்கரங்களின் அமைப்பு. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்முனை உட்புறமாகச் சாய்ந்தால்தான் டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பிடிக்கும். இந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் மேல் கைகளின் இணைப்புப் புள்ளிகள் அமைந்துள்ள உயரத்தால் அது நேர்மாறாக வெளிப்புறம் சாய்கிறது. அந்தக் காலத்துக் குறுகிய டயர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்றைய அகலமான டயரை மாட்டினால் தோள்பட்டை மட்டும் தேய்ந்து தீரும். டிக் கல்ட்ஸ்ட்ராண்ட் என்ற பந்தய வீரரின் பெயரால் வழங்கும் பழைய முறை ஒன்று உண்டு: மேல் கைகளின் துளைகளைக் கீழே தள்ளிப் புதிதாகத் துளைப்பது. மலிவானது, பயனுள்ளது. ஆனால் தகரத்தைத் தொடத் தயங்கும் நீங்கள் அசல் சப்ஃபிரேமில் துளை போட வேண்டியதில்லை. வட கரோலைனாவின் டெட்ராய்ட் ஸ்பீடு போன்ற நிறுவனங்கள் முழுமையான புதிய சப்ஃபிரேமைச் செய்து விற்கின்றன. அதே போல்ட் புள்ளிகளில் உட்காரும். ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங்கும் கூடவே வந்துவிடும். பழையதை அப்படியே கழற்றி வைத்துவிடலாம்.

மூன்றாவது பிரேக். அடிப்படைக் கமாரோவுக்கு நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம்தான். 1969இல் நான்கு சக்கர டிஸ்க் பிரேக்கை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 430 குதிரைத்திறன் என்ஜினை டிரம் பிரேக் வண்டியில் மாட்டி, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தெருவுக்குக் கொண்டு வருபவர்களோடு நான் வாதிடுவதில்லை, விலகிப் போய்விடுகிறேன்.

---

கார்புரேட்டர் காதலன் எழுதியது:

எல்லோரும் எல்எஸ்3, எல்எஸ்3 என்று ஒரே மந்திரத்தை ஓதுகிறீர்கள். ஏற்கெனவே உள்ள 350ஐப் பிரித்து நல்ல கேம் தண்டும் அலுமினியத் தலைகளும் போட்டு, நான்கு குழல் கார்புரேட்டரை உட்கார வைத்தால், பாதிச் செலவில் 350 குதிரைத்திறனைத் தாண்டலாம். கணினி வேண்டாம், மின்கம்பிக் கட்டு வேண்டாம், புதிய பெட்ரோல் தொட்டி வேண்டாம். பானட்டைத் திறந்தால் பழைய காரின் என்ஜின் பழைய கார் என்ஜினைப் போலவே தெரியும். பிளாஸ்டிக் மூடியைப் பார்ப்பதற்கா இந்தக் காரை வாங்கினார்?

---

சேசிஸ் செல்வன் எழுதியது:

மறுக்கவில்லை, அதுவும் மதிப்பிற்குரிய வழிதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பழைய வகைத் தட்டையான டாப்பெட் (கேம் தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் உறுப்பு) கொண்ட கேம் தண்டு, எண்ணெயில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தை நம்பி வாழ்கிறது. புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றி கெட்டுப்போகாமல் இருக்க, இன்றைய எண்ணெய்களில் அந்தச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். எனவே எண்ணெயைத் தேர்ந்தெடுத்து ஊற்ற வேண்டும், அல்லது உருளை டாப்பெட்டுக்கு மாற வேண்டும். எல்எஸ் குடும்பத்தில் தொடக்கத்திலிருந்தே உருளை டாப்பெட்தான். மேலும் 1969இன் விளம்பரக் குதிரைத்திறன், விசிறியும் ஆல்டர்னேட்டரும் காற்று வடிகட்டியும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த மொத்தத் திறன். 1972 மாடல்களிலிருந்துதான் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நிகரத் திறனை மட்டும் அச்சிட்டார்கள். ஆகவே 307இன் 200ஐயும் எல்எஸ்3இன் 430ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உண்மையான வேறுபாடு எண்கள் காட்டுவதைவிடப் பெரியது. எடையிலும், வார்ப்பிரும்பு 350ஐவிட அலுமினிய எல்எஸ்3 நூறு பவுண்டுக்கு மேல் இலகுவானது. அந்த எடை அத்தனையும் முன்சக்கரங்களின் மேலிருந்து இறங்குகிறது.

---

நார்வுட் நேசன் எழுதியது:

கணக்கு சரி. ஆனால் ஒரு வண்டியின் மதிப்பைத் தராசு மட்டும் முடிவு செய்வதில்லை. இதே வேகத்தில் எல்லோரும் எல்எஸ்3ஐயும் பதினெட்டு அங்குலச் சக்கரத்தையும் கறுப்பு வண்ணத்தையும் மாட்டிக்கொண்டே போனால், எளிய 307 வண்டி எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றுகூட மிஞ்சாது. அலங்காரக் கார்கள் எல்லாம் பாதுகாக்கப்பட்டுவிட்டன. இசட்/28 ஒவ்வொன்றுக்கும் பத்திரம் இருக்கிறது. தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் வாங்கிய பச்சைக் கமாரோவுக்குத்தான் ஆள் இல்லை.

---

மிச்சிகன் மாறன் எழுதியது:

நேசன் ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் "அசல்" என்பதற்கு இந்தக் காரைப் பொறுத்தவரை எவ்வளவு எடை தரலாம் என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

அந்த வண்டிகள் புதிதாக இருந்தபோதே அவற்றை யாரும் அசலாக விட்டுவைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் அன்று, கார்வெட்டும் முழு அளவுக் கார்களும் தவிர மற்றவற்றில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று விதி வைத்திருந்தது. பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்க்கில் செவர்லே விற்பனையகம் நடத்திய டான் யென்கோ, 1967இல் 396 கன அங்குல என்ஜின் கொண்ட கமாரோக்களை வாங்கி, அந்த என்ஜினைக் கழற்றிவிட்டு 427ஐ மாட்டி விற்றார். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் வேறு விற்பனையகங்கள் இதையே செய்தன. ஷோரூமிலேயே என்ஜின் மாற்றம் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1969இல், போலீஸ் வண்டிகளுக்கும் டாக்ஸிகளுக்கும் மொத்தக் கொள்முதல் செய்பவர்களுக்காக இருந்த மைய அலுவலக ஆணை (சுருக்கமாகக் கோப்போ) என்ற கதவு வழியாக ஆலையே 427ஐப் பொருத்தித் தரத் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் லாஹார்ப் என்ற சிற்றூரில் விற்பனையகம் வைத்திருந்த ஃபிரெட் கிப் முழு அலுமினிய 427 கொண்ட ஐம்பது வண்டிகளை ஆணையிட்டார். மொத்தம் கட்டப்பட்டவை 69. இசட்எல்1 என்ற அந்த என்ஜினின் விலை மட்டும் 4,000 டாலருக்கு மேல். கார் 7,200 டாலரைத் தாண்டியது. கிப்பாலேயே எல்லாவற்றையும் விற்க முடியாமல் பலவற்றை மற்ற விற்பனையகங்களுக்கு மாற்றிவிட வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இசட்எல்1க்கு ஆலை அச்சிட்ட திறனும் 430, இன்றைய எல்எஸ்3இன் திறனும் 430. முன்னது வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன மொத்தத் திறன்; பின்னது நிகரத் திறன். இரண்டும் அலுமினியம், இரண்டும் செவர்லே. தபால்காரரின் காரில் இசட்எல்1இன் பேரனை மாட்டுவது அந்தக் காரின் மரபுக்கு முரணானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் மார்க் ஸ்டீலோ 1990களிலிருந்து 1969 கமாரோக்களைத் தொடர்ந்து மாற்றியமைத்து, அவை பந்தயத் தடத்திலும் நெடுஞ்சாலையிலும் ஒருசேர ஓடும் என்று காட்டிவிட்டார். புரோ டூரிங் என்று இன்று வழங்கும் பாணி அப்படித்தான் வேரூன்றியது.

---

தகரத்தச்சன் எழுதியது:

வரலாற்றை விட்டுவிட்டுத் தகரத்துக்கு வருகிறேன். இந்த மாநிலத்துக் குளிர்காலச் சாலைகளில் கொட்டும் உப்பைத் தின்ற வண்டி என்றால், புதிய கறுப்பு வண்ணத்தை நம்பி ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். கறுப்பு வண்ணம் நெளிவுகளை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். அதை அடித்து வண்டி நேராகத் தெரிகிறது என்றால் ஒன்று தகட்டு வேலை மிக நன்றாக இருக்க வேண்டும், அல்லது பட்டி மிகத் தடிமனாக இருக்க வேண்டும். எது என்பதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் தட்டைக் காந்தம் சொல்லிவிடும். சக்கர வளைவின் உதட்டையும் கதவுக்குக் கீழ்ப்பகுதியையும் சுற்றி அதை மெல்ல நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி.

அடுத்த சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகளின் வழியாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பெட்டிக்குள் இலைச் சருகு பல ஆண்டுகள் மக்கிக் கிடந்து அடித்தகட்டைத் தின்றிருக்கும். தண்ணீர் வெளிப்பக்கமாக, மட்கார்டுக்குப் பின்னால் வடிய வேண்டும். பயணியின் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், வண்ணம் அடித்த கூட்டை மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். அதை இப்போதே செய்வது மேல், எல்எஸ்3இன் கணினியை அதே இடத்தில் மாட்டிய பிறகு அல்ல.

இனி உங்கள் கேள்வி. பின்சக்கர வளைவை வெட்டி உள்ளே தள்ளினால்தான் 335 டயர் உட்காரும். வெட்டாமல், சக்கரத்தின் உள்தள்ளலைச் சரியாக அளந்து வாங்கினால் 255 வரை உரசாமல் போடலாம். வெட்டும் வேலை உள் வளைவோடு நிற்காது. டிக்கித் தரையும் பின் இருக்கையின் ஓரமும் அதோடு சேர்ந்து வரும், பின்சட்டத்தின் ஓரத்தையும் தட்ட வேண்டியிருக்கும். முந்தையவர் புதிதாக மாற்றிய பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் வெல்டிங் சூடு பட்டால் வெளிவண்ணமும் போகும். முடித்துவிட்டவர்களிடம் கேட்டால் அருமை என்பார்கள், செலவுச் சீட்டைக் காட்ட மாட்டார்கள்.

---

கியர்பெட்டி கோபால் எழுதியது:

ஆறு கியர் ஏன் வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 70 மைல், பின் டயரின் விட்டம் 26 அங்குலம், பின் ஆக்சில் விகிதம் 3.73 என்று வைத்துக்கொள்வோம். பழைய நான்கு கியர் மன்சி பெட்டியில் மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று. என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,370 சுற்று சுற்றும். ஒரு மணி நேரம் ஓட்டினால் காது வலிக்கும். டி56 மேக்னமின் ஆறாம் கியர் 0.63 என்றால் அதே வேகத்தில் 2,125 சுற்று. அடுத்து அதே டிரெமெக் நிறுவனத்தின் டிகேஎக்ஸ் ஐந்து கியர் பெட்டி. அதில் ஐந்தாம் கியர் 0.68 கிடைக்கிறது. சுற்று 2,290. இரண்டுக்கும் வேறுபாடு நிமிடத்துக்கு நூற்றறுபது சொச்சம் சுற்றுகள். அதை உணரக் காதும் போதாது, பெட்ரோல் செலவும் காட்டிக்கொடுக்காது.

மேக்னம் பருமனான பெட்டி. உங்கள் காரின் நடு மேட்டை வெட்டி உயர்த்தாமல் அது உள்ளே போகாது. டிகேஎக்ஸ் பழைய கார்களின் மேட்டுக்குள் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 600 பவுண்டு அடி முறுக்குவிசை தாங்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எல்எஸ்3 தருவது 424.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது தானியங்கி வண்டி என்பதால் கியர் தண்டு மேலே வருவதற்குத் தரையில் ஒரு திறப்பு வேண்டும். 1969இல் நான்கு கியர் வண்டிகளுக்கு ஆலையே அந்த இடத்தை வெட்டி, மேலே ஒரு தகட்டுத் திமிலைப் பொருத்தியது. அதே திமில் இன்று மறுபதிப்பாகக் கிடைக்கிறது. அதை வெட்டுவதை நான் வெட்டு என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. கிளட்சுக்கும் ஹைட்ராலிக் முறை வைத்தால் பின்சுவரில் ஒரே ஒரு துளையோடு முடிந்துவிடும்.

பின் ஆக்சிலை மறந்துவிடாதீர்கள். உங்கள் பத்து போல்ட் ஆக்சில் 307க்கும் பவர்கிளைடுக்கும் போதுமானது. எல்எஸ்3ஓடு கிளட்சை ஒரு முறை சட்டென்று விட்டால் பல் உதிரும். புதிதாகச் செய்த பன்னிரண்டு போல்ட் ஆக்சில் ஒன்றை அதே லீஃப் ஸ்பிரிங்கின் மேல் உட்கார வைக்கலாம். எதையும் வெட்ட வேண்டாம்.

---

சேசிஸ் செல்வன் எழுதியது:

கோபால் சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். லீஃப் ஸ்பிரிங் என்றதால் ஒரு சொல்: ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்காக இருந்தால் பல பட்டை ஸ்பிரிங்குக்கு மாற்றுங்கள், ஒற்றைப் பட்டை முறுக்குவிசையில் வளைந்து பின்சக்கரத்தைத் துள்ள வைக்கும். 1968இலேயே செவர்லே ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வைத்தது இந்தத் துள்ளலை அடக்கத்தான்.

---

மிச்சிகன் மாறன் எழுதியது:

என்ஜின் பக்கம் பலர் வழுக்கி விழும் இடங்களையும் குறித்துவிடுகிறேன், ஏனெனில் இவற்றைக் கடைக்காரர்கள் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை.

பழைய இயந்திர பம்பு ஐந்து, ஆறு பவுண்டு அழுத்தத்தில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பியது. எல்எஸ்3இன் உட்செலுத்திகளுக்கு 58 பவுண்டு வேண்டும். ஆகவே பம்பு உள்ளேயே அமைந்த புதிய தொட்டி, உயர் அழுத்தக் குழாய், அழுத்த ஒழுங்கி. 1999 முதல் 2003 வரை வந்த கார்வெட்டின் பெட்ரோல் வடிகட்டியில் 58 பவுண்டு ஒழுங்கி உள்ளேயே இருக்கிறது; விலையும் குறைவு. அதைத் தொட்டிக்கு அருகில் மாட்டிவிட்டால் என்ஜின் வரை ஒரே குழாய் போதும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்காத பழைய ரப்பர் குழாய் ஒரு சாண்கூட மிச்சம் வைக்காதீர்கள்.

அடுத்து, எல்எஸ் என்ஜினின் சிலிண்டர் தலைகளிலிருந்து ஒரு மெல்லிய நீராவிக் குழாய் வரும். அதை ரேடியேட்டரின் மேற்பகுதிக்கோ நீர்த்தொட்டிக்கோ இணைக்க வேண்டும். தேவையற்றது என்று அடைத்துவிட்டால், தலைக்குள் நீராவி தேங்கி, வெப்பமானி இயல்பாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பின் சிலிண்டர்கள் கொதிக்கும். எண்ணெய்த் தொட்டியும் சப்ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் இடிக்காத வடிவத்தில் இருக்க வேண்டும். புதிய சப்ஃபிரேம் செய்பவரிடமே எந்தத் தொட்டி என்று கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வரி. சாதாரணக் கார்க் காப்பீடு இந்த வண்டியை ஐம்பது வயதுக் கிழட்டு இரும்பு என்று மதிப்பிடும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு தருபவர்கள் இருக்கிறார்கள். வேலை நடக்க நடக்கப் படமும் ரசீதும் சேர்த்து வையுங்கள்.

---

வுட்வர்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாளித் தண்ணீர்ச் சோதனை செய்தேன். ஓட்டுநர் பக்கம் உலர்ந்திருக்கிறது, பயணி பக்கம் மூலையில் மெல்லக் கசிகிறது. எனவே முதல் செலவு அங்கேதான். தகரத்தச்சன் ஐயாவின் காந்தம் வலப்பக்கச் சக்கர வளைவின் உதட்டில் ஓரிடத்தில் வழுக்கியது. அது உள்ளங்கை அகலம்தான், எப்படியும் வண்ணம் பிரிக்கும்போது சரிசெய்துவிடலாம்.

முடிவு செய்திருப்பது இதுதான். கசிவை அடைத்து, புதிய சப்ஃபிரேமையும் நான்கு டிஸ்க் பிரேக்கையும் போட்ட பிறகே என்ஜினுக்கு ஆணை கொடுப்பேன். ஆறு கியர் வேண்டாம், டிகேஎக்ஸ் போதும். 335 டயர் ஆசையைக் கைவிட்டுவிட்டேன்; 255இல் நிற்கிறேன், சக்கர வளைவு அப்படியே இருக்கட்டும். என்ஜின் எல்எஸ்3தான், கார்புரேட்டர் காதலன் மன்னிக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன்.

வண்ணத்தில்தான் வீட்டில் இன்னும் உடன்பாடு வரவில்லை. மகள் ஆரஞ்சு என்கிறாள். நான் 57ஆம் எண் பச்சையில் உறுதியாக இருக்கிறேன்.

---

நார்வுட் நேசன் எழுதியது:

பச்சை அடித்தால் எல்எஸ்3ஐ நான் பார்க்காதது போல் இருந்துவிடுகிறேன்.

கழற்றும் அசல் சப்ஃபிரேமையும் பத்து போல்ட் ஆக்சிலையும் விற்றுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, துணி சுற்றி, எந்த வண்டி எண்ணுக்கு உரியது என்று எழுதிக் கட்டி, கொட்டகையின் பரணில் ஏற்றிவிடுங்கள். பின்சுவர்த் தகட்டின் இரண்டு ரிவெட்டுகளையும், வண்ணம் அடிப்பவர் எவ்வளவு கெஞ்சினாலும், கழற்ற விடாதீர்கள். மேலே காகித நாடாவை ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

---

தகரத்தச்சன் எழுதியது:

பயணி பக்கக் கசிவுக்கு மட்கார்டைக் கழற்றிய பின் படம் எடுத்து இங்கேயே இடுங்கள். மேல் தகட்டை முழுவதும் பிரிப்பதா, மூலையில் மட்டும் ஒட்டுப் போடுவதா என்பதைத் துருவைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். பற்றவைப்புப் புள்ளிகளைத் துளைத்தெடுக்க எட்டு மில்லிமீட்டர் வெட்டுமுனை வாங்கி வையுங்கள். சாதாரண டிரில் முனை அடித்தகட்டையும் சேர்த்துத் துளைத்துவிடும்.